யாருக்குப் போட்டது

குணாளனுக்குக் கோபமே வராது என்றுதான் தொழிற்சாலையில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். பாயான் லெப்பாஸில் மின்னணுப் பொருள்கள் செய்கிற ஓர் ஆலையில் அவன் டெக்னீஷியன். ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் திடீரென்று நின்றுவிட்டால் அங்கே ஒரே அமளியாகிவிடும். மாடியிலிருந்து போன் மேல் போன் வரும். கீழே ஆளாளுக்குக் கத்துவார்கள். குணாளன் மட்டும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, யாருக்கும் பதில் சொல்லாமல், மெஷின் பக்கத்தில் குனிந்து என்ன சத்தம் வருகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பான். கூட வேலை செய்யும் சுலைமான் பாய் அவனுக்கு 'ஆயர் பத்து' என்று பெயர் வைத்திருந்தார். ஐஸ் கட்டி என்று அர்த்தம். மலாய்க்காரர்கள், சீனர்கள்கூட அப்படித்தான் அவனைக் கூப்பிட்டார்கள்.

வீடு ஆயர் ஈத்தாம் என்ற ஊரில், பசார் சந்தைக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடியில். மனைவி குமுதா லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். குழந்தை இல்லை. அதைப் பற்றிப் பேசவேண்டியதையெல்லாம் பேசி முடித்துப் பல வருடம் ஆகிவிட்டது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு குணாளனுக்கு ரத்த உறவு என்று மிஞ்சியது தங்கை சாந்தினி ஒருத்திதான். அவளைத் தீவிலிருந்து கடலைக் கடக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம், தாசேக் கெலுகோரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் கணவன் கோகிலன் செம்பனை எண்ணெய் ஆலையில் கிராணி, கணக்கு எழுதுகிறவன். அவர்களுக்கு ஒரே மகள். அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தாலும் எல்லோருக்கும் அவள் பாப்பாதான்.

பாப்பாவுக்குக் காது குத்திய நாளில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அல்லது அப்படி ஆரம்பித்ததாகக் குணாளன் நினைத்துக்கொண்டான்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அதற்காகவே அவன் புது வேட்டி வாங்கி வைத்திருந்தான். அன்று அவனுக்கு விடுமுறை. ஆனால் விடிந்ததும் ஒரு மெஷின் படுத்துவிட்டது, கொஞ்சம் வந்து பார்த்துவிட்டுப் போய்விடு என்று ஆலையிலிருந்து அழைத்தார்கள். வேட்டியைப் பையில் வைத்துக்கொண்டு போனான். கொஞ்சம் என்பது நீண்டுகொண்டே போயிற்று. பிறகு பாலத்தில் நெரிசல். கோயில் மண்டபத்துக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். நல்ல நேரம் தவறக்கூடாது என்று கோகிலனின் பெரியப்பா மகன் மடியில் வைத்துக் காதைக் குத்திவிட்டார்கள். பாப்பா அழுது ஓய்ந்து, சிவந்த காதுகளோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சாந்தினி அவன் கையிலிருந்த பையை வாங்கி வைத்தாள். "வாண்ணே, மொதல்ல சாப்பிடு. சாம்பார்லாம் ஆறிப்போச்சு," என்றாள். சிரிக்கவும் செய்தாள். நாலு பேர் முன்னால் அவள் திட்டியிருந்தால் அவன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பான். அந்தச் சிரிப்பை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலை பல் விளக்கிக்கொண்டே போனைத் திறந்தான். சாந்தினியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து.

'நேரத்துக்கு வராத உறவு வந்தாலும் ஒன்று, வராவிட்டாலும் ஒன்று.'

வாயில் நுரையோடு அப்படியே நின்றான். முகம் சூடானது. கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று அவள் பெயர்வரை விரல் போனது. என்ன கேட்பது? 'எனக்கா போட்ட?' என்றா? ஆமாம் என்றால் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லை என்றால் நம்ப முடியாது. வாயைக் கொப்பளித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். மத்தியானம் கேண்டீனில் இருந்தபோது, யாரோ எப்போதோ அனுப்பிய ஒரு படம் கண்ணில் பட்டது. பாறை மேல் ஒரு சிங்கம். கீழே, 'ஓடி உழைப்பவன் வலி உட்கார்ந்து பேசுபவருக்குப் புரியாது.' அதைத் தன் ஸ்டேட்டஸில் போட்டான்.

அதுவரை அவன் ஸ்டேட்டஸ் போட்டதே இல்லை, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்துப் படம் போடுவதைத் தவிர.

போட்ட பிறகுதான் தெரிந்தது, யார் யார் பார்த்தார்கள் என்று அது காட்டும் என்பது. சாயங்காலத்துக்குள் அந்தப் பட்டியலில் சாந்தினியின் பெயர் வந்துவிட்டது. அவள் பெயரைப் பார்த்தவுடன் நெஞ்சில் ஏதோ இறங்கியது. சிரங்கைச் சொறிந்தது போன்ற சுகம். சிரங்கைச் சொறிந்தால் என்ன ஆகுமோ அதுதான் பிறகு ஆனது. இரண்டு நாளில் அவளிடமிருந்து இன்னொன்று வந்தது: 'பேசிப் பேசி ஓய்ந்தவள் இப்போது மௌனத்தோடு பேசுகிறாள்.' இதற்குப் பதிலாக அவன் ஒரு கழுகுப் படம் தேடிப் போட்டான். அப்புறம் அவள். அப்புறம் அவன். இடையில் இருவரும் போனில் ஒருமுறைகூடப் பேசவில்லை. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் அழைப்பாள். இப்போது அந்த அழைப்பும் நின்றுபோயிருந்தது. சண்டைதான் என்பதற்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்று அவன் நினைத்தான்.

சில நாள் அவள் எதுவும் போடமாட்டாள். அந்த நாள்கள்தான் அவனுக்கு மோசமாகப் போகும். காலையில் எழுந்தவுடன் திறப்பான், ஒன்றும் இருக்காது. காப்பி குடித்துவிட்டுத் திறப்பான். பேருந்து நிறுத்தத்தில் குமுதாவைக் காரிலிருந்து இறக்கிவிட்டுக் காடியை நகர்த்துவதற்குள் திறப்பான். வேண்டாம் என்று மனம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கட்டை விரல் போய்த் திறந்துவிடும். யாருடைய கை இது என்று அவனுக்கே சில நேரம் சந்தேகம் வந்தது. திட்டுகிற ஸ்டேட்டஸ் ஒன்று வந்துவிட்டால் ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது. அது ஏன் நிம்மதி என்றும் அவனுக்கு விளங்கவில்லை.

ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். குணாளன் அடிக்கடி கழிவறைக்குப் போகத் தொடங்கினான். போகிற வழியில்தான் லாக்கர். சுலைமான் பாய் முதலில், "என்னா ஆயர் பத்து, உருகுதா?" என்று கேலி செய்தார். பிறகு கேலி செய்வதை நிறுத்திவிட்டு அவனைக் கவனித்தார்.

ஒரு நாள் ஒரு மெஷினைப் பிரித்துச் சுத்தம் செய்துவிட்டு, மூடியைத் திரும்பப் போட்டு, திருகாணிகளை முறுக்காமல் நடுவில் லாக்கருக்குப் போய்விட்டு வந்தான். வந்தவன் முறுக்கிவிட்டதாக நினைத்து மெஷினை ஓடவிட்டான். மூடி ஆடி உள்ளே சரிந்து, ஓடிக்கொண்டிருந்த சரக்கு முழுவதும் பாழாயிற்று. நல்ல வேளை, யாருக்கும் அடிபடவில்லை. சூப்பர்வைசர் ரமணி வந்து பார்த்தாள். அவனைவிட வயதில் சின்னவள், மரியாதையாகப் பேசுகிறவள்.

"குணாண்ணே, ஸ்க்ரூ ஏன் லூஸா இருந்துச்சு?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

"எனக்கு வேலை சொல்லிக் குடுக்குறியா? யாரைப் பாத்துக் கேக்குற? எல்லாருக்கும் நான்தான் தப்பு! எங்க போனாலும் நான்தான் தப்பு!"

அவ்வளவு பெரிய கூடத்தில் அவன் குரல் மட்டும் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தன் குரல் இத்தனை உரக்க வரும் என்று அவனுக்கே அன்றுதான் தெரிந்தது. ரமணி பக்கத்தில் வந்தாள். பிறகு தணிந்த குரலில், "வீட்டுல ஏதாச்சும் பிரச்சனையாண்ணே? ரெண்டு நாளு லீவு எடுத்துக்குங்க. நான் மேல பேசிக்கிறேன்," என்றாள்.

சுலைமான் பாய் அவனை வெளியே ஒரு கடைக்கு அழைத்துப்போய், நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அங்கேதான் குணாளன் முதல் தடவையாக இதை ஒருவரிடம் சொன்னான். சொல்லும்போதே தான் சொல்வது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவனுக்குக் கேட்டது. சிங்கம், கழுகு, கறுப்புப் பின்னணி.

பாய் சிரித்துவிட்டார். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

"தங்கச்சிய நேரா கேட்டுட வேண்டியதுதானேலா?"

"கேட்டா, 'உனக்கு இல்லண்ணே'ன்னு சொல்லிடுவா பாய்."

"நல்லதுதானே?"

"நான் நம்பணும்ல? நம்பலன்னா அப்புறம் என்னா பண்றது? இப்பயாச்சும் சண்டைன்னு ஒண்ணு இருக்கு."

பாய்க்கு அது பிடிபடவில்லை. குணாளனுக்கும், தான் சொன்னது சரிதானா என்று தெரியவில்லை. கடைசியில் பாய் அவன் போனை வாங்கி, சாந்தினியின் ஸ்டேட்டஸ் கண்ணில் படாதபடி மறைத்துக் கொடுத்தார். "பாக்கலன்னா ஒண்ணும் இல்ல. எம் பொண்ணு எனக்கு இப்படித்தான் செஞ்சு குடுத்தா, அரசியல் குரூப்புக்கு," என்றார்.

மறைத்து வைத்தவை கீழே தனியாக ஓரிடத்தில் கிடக்கும் என்பதைக் குணாளன் அன்று மாலையே கண்டுபிடித்துவிட்டான். முன்பு ஒரு தட்டில் பார்த்ததை இப்போது மூன்று தட்டில் பார்த்தான். வாட்ஸ்அப்பையே எடுத்துவிடலாம் என்றால் ஷிப்ட் விவரமெல்லாம் அதில்தான் வருகிறது. போனை அலமாரிக்குள் துணிக்கு அடியில் வைத்துப் பார்த்தான். அலமாரிக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தான். விடுமுறையின் இரண்டாம் நாள் ஒரு பிடிவாதம் வந்தது. என் போனில் பார்ப்பதில்லை என்று பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிக்கொண்டான். சொல்லிவிட்டு மாலையில், குமுதா சமையலறையில் கெளுத்தி மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தபோது, அவளுடைய போனை எடுத்தான்.

சாந்தினியின் ஸ்டேட்டஸைத் திறந்தான். பாலர் பள்ளி விளையாட்டுப் போட்டியில் பாப்பா சாக்கு ஓட்டம் ஓடுகிற படம் ஒன்று இருந்தது. அது அவனுக்கும் வந்திருந்தது. ஆனால் அன்று காலை அவன் தன் போனில் பார்த்த வாசகம் இதில் இல்லை. கறுப்புப் பின்னணியே இல்லை.

"குமுதா, சாந்தினி இன்னைக்கு வேற ஒண்ணும் போடலையா?"

"பாப்பா படம் போட்டிருந்தாளே. ஏங்க?"

"எழுத்து மாதிரி... கருத்து மாதிரி?"

"அவ என்னைக்குக் கருத்துப் போட்டா? எனக்கு ஒண்ணும் வந்ததில்லையே." கையில் மஞ்சளோடு திரும்பிப் பார்த்தாள். "என் போன வெச்சுக்கிட்டு என்னா பண்றீங்க?"

எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. குமுதா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டாள். அவன் எதிர்பார்த்தது போல அவள் சிரிக்கவில்லை.

"அதான் நீங்க சிங்கம் சிங்கமாப் போட்டுக்கிட்டு இருந்தீங்களா? வேலையில யாருக்கோன்னு இருந்துட்டேன்," என்றாள். பிறகு அவன் போனையும் தன் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "ஆளு பாத்துப் போடலாம்ங்க. இன்னாருக்கு மட்டும் தெரியணும், இன்னாருக்குத் தெரியக் கூடாதுன்னு வெக்கலாம்."

"அப்ப எனக்குன்னுதான் போடுறா. நான் நெனச்சது சரிதான்."

அதைச் சொல்லும்போது அவன் குரலில் இருந்தது வருத்தமா சந்தோஷமா என்று குமுதாவால் பிரிக்க முடியவில்லை. அவனாலும் முடியவில்லை.

"உங்களுக்கு மட்டும்னு எப்படிச் சொல்றீங்க? எனக்கு மட்டும் வேணாம்னும் இருக்கலாம்ல?"

"உனக்கு ஏன் வேணாம்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? அவளைப் போயிக் கேளுங்க."

அடுத்த நாள் சனிக்கிழமை, காலையிலேயே அவன் கிளம்பினான். குமுதாவுக்குக் கடை இருந்தது. பாலத்தின் மேல் போகும்போது சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். மெஷின் நின்றால் நான் போகாமல் இருக்க முடியுமா, உனக்கு என்ன தெரியும், ஊருக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் காட்டிக் குத்துவது என்ன பழக்கம். பாலம் முடிவதற்குள் வார்த்தைகள் நன்றாகச் சூடேறியிருந்தன.

கோகிலன் வீட்டில்தான் இருந்தான், முன்னறையில் சோபாவில் சாய்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டு. "வாங்க மச்சான்," என்று எழுந்து கை கொடுத்தான். சாந்தினி பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணனைக் கண்டதும் கையில் இருந்த சட்டையைக் கூடையில் போட்டுவிட்டு விரைந்து வந்தாள். முன்னறைக்குக் கேட்காத குரலில் முதல் கேள்வி கேட்டாள்.

"என்னண்ணே, உனக்கும் அண்ணிக்கும் சண்டையா?"

குணாளன் விழித்தான்.

"அண்ணி போயிட்டாங்களா? சொல்லுண்ணே. 'கூட இருந்து குழி பறிப்பவரை அடையாளம் கண்டேன்'னு போட்டிருந்தியே. எனக்கு அன்னைக்கு முழுக்க சோறு எறங்கல. கேக்கலாமா வேணாமான்னு போனை எடுத்து எடுத்து வெச்சேன். நீயா சொல்லாம நான் எப்படிக் கேக்குறது?"

பாலத்தின் மேல் சேர்த்துவைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. அது குமுதாவுக்கு இல்லை என்று மட்டும் சொன்னான். பின்னே யாருக்கு என்று அவள் கேட்டாள். அவன் திருப்பி, "நீ போட்டதெல்லாம் யாருக்கு?" என்றான்.

சாந்தினி முன்னறைப் பக்கம் பார்த்தாள். "தேங்காப்பால் வாங்கணும். கடைவரைக்கும் வாண்ணே," என்று உரக்கச் சொன்னாள்.

கடைக்குப் போகும் வழியில், ரப்பர் மரங்கள் நிழல் விழுந்த சாலையோரத்தில், காடியை நிறுத்தச் சொன்னாள். பிறகு சொன்னாள். கோகிலன் அவளோடு பேசுவதில்லை. பல மாதமாகப் பேசுவதில்லை. அடிப்பதில்லை, திட்டுவதில்லை, வீட்டுக்கு வேண்டியதை வாங்கி வருவதில் ஒரு குறை இல்லை. பேச்சு மட்டும் இல்லை. 'அம்மாகிட்ட தண்ணி கேளு', 'அம்மாகிட்ட சாவி எங்கன்னு கேளு' என்று எல்லாம் பாப்பா வழியாகத்தான்.

"ஏன்? என்னா நடந்துச்சு?"

"அதான்ணே தெரியல. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். ஒண்ணும் நடக்கல. ஒரு நாளு கொறஞ்சிச்சு, அப்புறம் நின்னுபோச்சு. கேட்டா, 'ஒண்ணும் இல்ல'ன்னு பாப்பாகிட்ட சொல்லி அனுப்புறாரு."

அவள் அழவில்லை. காடிக் கண்ணாடியில் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"யாருகிட்டயும் சொல்ல முடியல. சொன்னா, 'அடிக்கிறாரா, குடிக்கிறாரா'ன்னு கேப்பாங்க. இல்லன்னா, 'அப்புறம் என்னா'ம்பாங்க. அதான் போனுல போட்டேன். ரெண்டு பேருக்கு மட்டும். அவருக்கும் உனக்கும்."

"எனக்கு ஏன்?"

"நீ கேப்பேன்னு."

குணாளன் ஏர்கண்டிஷனைத் தணித்துவைத்தான்.

"அண்ணிக்கு ஏன் காட்டல?"

"அண்ணி ஒடனே போன் பண்ணிருவாங்க. அவங்க குரல் கேட்டா நான் அழுதுருவேன். நீ தணிவாக் கேப்ப. அதான் உனக்கு வெச்சேன். நீ பாத்துட்டேன்னு பேரு வரும். அவரு பேரும் வரும். ரெண்டு பேருமே ஒண்ணும் கேக்கல."

அவனுக்கு இன்னும் ஒன்று தெரிய வேண்டியிருந்தது. இந்த நேரத்தில் கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டான். "மொத மொதல்ல போட்டியே, காது குத்துக்கு மறுநாளு. நேரத்துக்கு வராத உறவுன்னு. அதுவுமா மாப்பிளைக்கு?"

சாந்தினி விரலில் ஒட்டிய தூசியை ஊதிவிட்டாள்.

"அன்னைக்கு உன் மேலயும் கோவம்தான்ணே. அவரு மேலயும் கோவம், மண்டபத்துல எல்லாரும் பாக்க என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. யாரை நெனச்சுப் போட்டேன்னு இப்ப எனக்கே தெரியல. போட்டா நெஞ்சு கொஞ்சம் லேசாகும். கொஞ்ச நேரத்துக்கு. அப்புறம் யாரு பாத்தாங்கன்னு எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டே இருப்பேன். அடுப்புல கொழம்பு அடிபிடிச்சுப் போறதுகூடத் தெரியாது."

அப்படி எடுத்து எடுத்துப் பார்க்கிற கையை அவனுக்கு நன்றாகத் தெரியும். அதை அவளிடம் சொல்லலாமா என்று நினைத்தான். தன் சிங்கமும் கழுகும் அவளுக்குத்தான் என்பதைச் சொல்லவேண்டி வரும். சொல்லவில்லை. தேங்காய்ப்பால் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் குணாளன் கோகிலன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கெட்டவன் ஒருவன் பக்கத்தில் உட்காரப் போகிறோம் என்று தயாராகியிருந்தான். கோகிலனோ சிரித்த முகமாக, தண்ணீர்ப் போத்தலை நகர்த்திக் கொடுத்துவிட்டு, யாரோ ஒரு பூனையைக் குளிப்பாட்டுகிற வீடியோவைக் காட்டினான். ஆலையில் புதிதாக வந்திருக்கும் மேனேஜரைப் பற்றிச் சொன்னான். பேசத் தெரியாதவன் இல்லை, நன்றாகவே பேசினான். பிறகு அவனே கேட்டான்:

"என்னா மச்சான், ஒங்க ஸ்டேட்டஸ்லாம் ரொம்ப சூடா இருக்கு? வேலையில ஏதும் கரைச்சலா?"

இத்தனை மாதத்தில் அவனிடம் அதை நேராகக் கேட்டவன் இவன் ஒருவன்தான். குணாளனுக்கு அது வேறு குழப்பமாகிவிட்டது.

"அது ஒண்ணும் இல்ல மாப்பிள. சாந்தினி போடுறதை நீங்க பாக்குறீங்களா?"

"பாப்பேன். அது ஒங்களுக்குத்தானே?"

"எனக்கா?"

"காது குத்துக்கு லேட்டா வந்தீங்கல்ல. அதுல வருத்தப்பட்டுக்கிட்டு இருக்கா போலன்னு நெனச்சேன். அண்ணன் தங்கச்சி வெவகாரம், நமக்கு எதுக்குன்னு இருந்துட்டேன்."

சமையலறை வாசலில் சாந்தினி நிற்பதைக் குணாளன் கண்டான். கையில் கரண்டி. அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். மெஷின் நின்றுபோன கூடத்தில் எல்லோரும் அவனைப் பார்ப்பார்களே, அப்படி இருவரும் அவனைப் பார்த்தார்கள். குனிந்து கேட்பதற்கு இங்கே ஒரு சத்தமும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"நீங்க அவகூடப் பேசறதில்லையாமே மாப்பிள. அதைத்தான் போடுறா. எனக்கில்ல. உங்களுக்கு."

கோகிலன் முகத்தில் சிரிப்பு அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது, இறக்கிவைக்க இடம் தெரியாதது போல. பிறகு எழுந்து வெளியே போய் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பாப்பா ஓடிவந்து, "அப்பா எங்கம்மா போறாரு?" என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

கோகிலன் சாயங்காலம் திரும்பி வந்தான், கையில் எல்லோருக்கும் நாசி கோரேங் வறுத்த சோற்றைத் தாப்பாவ் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு. ஆனால் பேசவில்லை. சாந்தினியும் பாப்பாவும் அடுத்து வந்த பள்ளி விடுமுறைக்கு ஆயர் ஈத்தாமுக்கு வந்து தங்கினார்கள். குமுதா அவளை ஒன்றுமே கேட்கவில்லை, தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள். சாந்தினி குமுதாவின் மடியில் முகம் வைத்து அழுததைக் குணாளன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, பசாருக்குப் போவதாகச் சொல்லிக் கீழே இறங்கிப்போனான். தன்னிடம் ஏன் அவள் அழவில்லை என்று நடந்துகொண்டே யோசித்தான். விடுமுறை முடிந்ததும் கோகிலனே வந்து இருவரையும் அழைத்துப்போனான். "கெளம்பலாமா?" என்று அவன் கேட்டது பாப்பாவையா சாந்தினியையா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. சாந்தினி பையை எடுத்துக்கொண்டு போய்க் காடியில் ஏறிக்கொண்டாள். அனுப்பியது சரியா தவறா என்று குணாளனுக்குப் புரியவில்லை. இரு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இருந்திருப்பாளா என்பதும் தெரியாது.

தன் லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே ரமணியிடம் மன்னிப்புக் கேட்டிருந்தான். "விடுங்கண்ணே, எல்லாருக்கும் ஒரு நாளு வரும்," என்றாள். லாக்கரைப் பூட்டிச் சாவியைச் சுலைமான் பாயிடம் கொடுத்துவைத்தான். சில நாள் அது பலித்தது. சில நாள் பாயிடம் போய்ப் பொய் சொல்லிச் சாவியை வாங்கினான். பாய்க்கும் பொய் என்று தெரியும், கொடுத்துவிடுவார்.

தங்கையை அவன் இப்போது தவறாமல் அழைத்தான். "என்னாம்மா, எப்படி இருக்க?" என்பான். "நல்லாருக்கேன்ணே" என்பாள். "மாப்பிள?" "இருக்காருண்ணே." அதற்குமேல் பாப்பா, மழை, விலைவாசி. நேரில் காடிக்குள் அத்தனை சொன்னவள், போனில் ஒன்றும் சொல்வதில்லை. கறுப்புப் பின்னணியில் எழுதுவதையும் விட்டுவிட்டாள். அவன்தான் அதை விடச் சொன்னான். இப்போது அவளுக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அவனுக்கு ஒரு வழியும் இல்லை. அவள் ஸ்டேட்டஸ் இடம் காலியாக இருப்பதைப் பார்ப்பதற்காக அதைத் திறந்து பார்த்தான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாந்தினி அவர்களை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். சும்மா கூப்பிடுகிறாளா, ஏதாவது இருக்கிறதா என்று குணாளன் குமுதாவை மூன்று தடவை கேட்டான். "சட்டையைப் போட்டுக்கிட்டுக் கெளம்புங்க," என்றாள் குமுதா.

மீன் குழம்பும் ரசமும் வைத்திருந்தாள். ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. கோகிலன் மேனேஜர் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். சாந்தினி முகத்தைக் குணாளன் பார்த்துக்கொண்டே இருந்தான். அதில் சிரிப்பும் இருந்தது, களைப்பும் இருந்தது. எது மேலே, எது அடியில் என்று பிடிபடவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கிளம்பினார்கள்.

காடி பெரிய சாலைக்கு வந்ததும் குமுதா பெருமூச்சு விட்டாள். "அப்பாடா. இப்பத்தான் மனசு நெறஞ்சிச்சு."

"எதுக்கு?"

"பாக்கலையா? 'ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்து'ன்னு அவரு கேட்டாரே. அவகிட்டயே. நேரா அவ மூஞ்சியப் பாத்து."

"பாப்பாகிட்டதானே சொன்னாரு?"

"இல்லங்க. சாந்தினிகிட்ட. அவ ஊத்தும்போது ரசம் கொஞ்சம் மேசையில சிந்துச்சே. நீங்க எதிர்லதானே ஒக்காந்திருந்தீங்க?"

குணாளன் யோசித்துப் பார்த்தான். மேசை நினைவுக்கு வந்தது, குழம்புச் சட்டி நினைவுக்கு வந்தது. சிந்திய ரசம் நினைவில் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு தடவை, மேசைக்கு அடியில், இடது கையால் போனை எடுத்துப் பார்த்தது நினைவிருந்தது. எதிரே சாந்தினியே உட்கார்ந்திருக்க, அவள் ஏதாவது போட்டிருக்கிறாளா என்று பார்க்க. அப்போதுதான் கோகிலன் கேட்டிருப்பானோ?

"உனக்கு நல்லாத் தெரியுமா, அவகிட்டதான் கேட்டாருன்னு?" என்றான்.

"ஆமாங்க."

"பாப்பாவும் அந்தப் பக்கம்தானே ஒக்காந்திருந்துச்சு."

குமுதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. குணாளன் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, அவள் சொன்னதை நம்பலாமா என்று யோசித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.